ஜூராவின் பச்சை

அச்சு மெஷினில் இளநீல மை ஓடி முடிந்த தாள்களில் ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் பெகாயிம். வானம் இருந்தது, மலை இருந்தது. நடுவில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய 'ஜூரா' என்ற பெயர் மட்டும் இல்லை.

தவறு அவளுடையதுதான். பழைய வேலை ஒன்றிலிருந்து கறுப்பு எழுத்தை எடுத்து வெள்ளையாக்கியிருந்தாள். கறுப்புக்குக் கொடுத்திருந்த 'ஓவர்பிரிண்ட்' கட்டளையும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளைக்கென்று தனி மை ஏது? எழுத்துக்கு இடம்விட்டு நீலம் ஒதுங்கினால்தான் தாளின் வெள்ளை தெரியும். மேலேயே அச்சடி என்று சொல்லிவிட்டால் நீலம் ஏன் ஒதுங்கப் போகிறது? கணினித் திரையில் மட்டும் பெயர் ஒன்றும் அறியாததுபோல் பளிச்சென்று இருந்தது.

ஜூரா, கணவன் திலேக்கின் அக்கா. அவனைத் தூக்கி வளர்த்தவள். அவள் உருட்டிக் காயவைக்கும் குருத், அந்தப் புளிப்புத் தயிர் உருண்டை, இத்தனை காலமும் பிஷ்கெக் நகரக் கடைகளில் எவனெவன் பெயரிலோ விற்றது. நாளைய சந்தையில்தான் முதல்முறையாகச் சொந்தப் பெயரில் பொட்டலம்; அதற்கான உறைதான் இந்தத் தாள். மறுபடி அடிக்க வேறு தாளும் இல்லை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த திலேக் கேட்டான்.

"உங்கக்கா பேரை முழுங்கிட்டேன்."

தாளை வாங்கிப் பார்த்தான். "அவ உன்னை முழுங்கிடுவா. வந்துக்கிட்டிருக்கா."

சிரிக்கத்தான் நினைத்தாள், கண் கலங்கிவிட்டது. தாளின் அடியில் புல்வெளி இன்னும் நீலமாகவே கிடந்தது. மஞ்சள் மேலே ஏறினால்தான் அது பச்சையாகும். இரண்டே மையில் மூன்று நிறம் என்று அவளே பீற்றிக்கொண்ட இடம் அது.

"மஞ்சள் அச்சடிக்கிற பிளேட்டை மாத்துவோம். பேரையும் அதுல ஏத்திடறேன். புல்லு மாதிரி பேரும் பச்சையாகட்டும்."

"வெள்ளைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாளே."

"நான் சொல்லிக்கிறேன்."

மஞ்சளும் ஏறிப் பச்சைப் பெயரோடு முதல் தாள்கள் வந்து விழுந்தபோது ஜூராவும் வந்து நின்றாள். பெகாயிம் ஒளிக்கவில்லை. "அக்கா, தப்பு என்னுது. நீங்க கேட்ட வெள்ளை வரல."

ஜூரா ஒரு தாளை எடுத்தாள். எழுத்துகளின்மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினாள். நீலமும் மஞ்சளும் இன்னும் காயாத முதல் எழுத்து கொஞ்சம் இழுபட்டது. பிறகு தாளைத் தம்பி கையில் திணித்தாள்.

"அந்தக் கோடியில போய்ப் பிடிடா. வெள்ளைன்னா தூரத்துலேருந்தே தெரியும்னுதான் கேட்டேன்."

திலேக் சுவரோரம் போய் நின்று பிடித்தான். ஜூரா கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுது," என்றாள் ஜூரா. பெகாயிம் பக்கம் திரும்பினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற, டீயை ஊத்து."

ஜூரா போன பிறகு அவள் டீ குடித்த கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள் பெகாயிம். வெள்ளை விளிம்பில் பச்சையாக ஒரு கட்டைவிரல் ரேகை. கழுவாமல், மை டப்பாக்களுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தாள்.