தலைகீழாய் எரியும் தீ

மேல் ஆஸ்திரியாவில் உள்ள எங்கள் ஊரில், யார் எழுந்துவிட்டார்கள் என்பதைப் புகைபோக்கியைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் வீட்டைப் பார்க்கவே வேண்டாம். மூக்கு இருந்தால் போதும். பக்கத்து வீட்டு ரோஸ்விதாவுக்கு மூச்சிரைப்பு. "இந்தப் புகையில் இருக்காதீர்கள், லின்ஸில் மகள் வீட்டுக்குப் போய்விடுங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் கெர்லிண்டே காரோடு வருவதாக ஏற்பாடு.

அவள் போய்விட்டால் என்னைத் திட்ட யார் இருக்கிறார்கள்? என் மனைவி இறந்த பிறகு அந்தப் பொறுப்பை ஒரு நாள்கூட விடுப்பில்லாமல் பார்ப்பவள் ரோஸ்விதாதான். வீட்டைச் சூடாக்க, புகையே விடாது என்று சொன்ன புதிய விறகு பாய்லர் ஒன்றை வாங்கினேன். ஏன் என்று கேட்டவர்களிடம், பழையது துருப்பிடித்துவிட்டது என்றேன். அதுவும் பொய்யில்லை.

எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு பெருமை: வெளியே கிளம்பும்போது ஈரக்கட்டை ஒன்றை அடுப்பில் திணித்து, காற்றை அடைத்து, திரும்பும்வரை கங்கு சாகாமல் காப்பது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சீட்டாடக் கிளம்பிய நானும் அதையே செய்தேன். பாய்லரின் விசிறி நான் சொன்னதைக் கேட்காமல் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. காற்று நுழையும் துளையில் என் ஸ்வெட்டரைச் செருகினேன். பாதி ஆட்டத்தில் ஜன்னலோரம் இருந்தவன், "யாரு வீடுய்யா எரியுது?" என்றான்.

ஓடி வந்தால், ரோஸ்விதா வேலியோரம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"யோவ் அல்ஃபோன்ஸ், புது மிஷினா இது? பழசே தேவலாம் போலிருக்கே! பாதிப் பெட்டி கட்டிட்டேன், மீதியையும் கட்டிடறேன்."

பாய்லர் பொருத்திய ஆளுக்கு போன் செய்தேன்.

"கழுத்தை நெரிச்சுப்புட்டு ஏன் மூச்சு விடலைன்னு கேக்கறீங்களா? காஞ்ச விறகைப் போடுங்க, முழுசா எரிய விடுங்க. பக்கத்துல வச்சிருக்கேனே பெரிய தொட்டி, அதுல இருக்கற தண்ணி சூட்டைப் பத்திரமா வச்சுக்கும்."

ஸ்வெட்டரை உருவினேன். நன்றாகக் காய்ந்த மரத்துண்டுகளை அடுக்கிப் பற்றவைத்தேன். விசிறி மெல்ல முனக, தீ மேலே போகாமல் கீழ்நோக்கிப் பாய்ந்தது. புகையாகத் தப்பிக்கப் பார்த்ததையும் பிடித்து எரித்தது. பாய்லரின் கீழ்க்கதவுக் கண்ணாடி வழியே தெரிந்த அந்தச் சுவாலையைப் பார்த்தபடி, முழங்கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அடுப்பு அணைந்த பின்னும் வீடு கதகதப்பாகவே இருந்தது. இத்தனை வருஷமாக நான் விறகை எரிக்கவில்லை, வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை கெர்லிண்டே வந்தாள். பெட்டிகளை ஏற்றிவிட்டு, புகையே இல்லாத என் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, மாமா கில்லாடி. நான் வர்றேன்னு அடுப்பையே மூட்டலை!"

"அப்படியா சேதி? வா, கையும் களவுமாப் பிடிப்போம்" என்று ரோஸ்விதா என் நிலவறைக்குள் இறங்கினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் தீ கீழ்நோக்கிச் சீறிக்கொண்டிருந்தது. அவள் நீளமாக மூச்சிழுத்தாள். இருமல் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள், சந்தேகப் பிராணி. பிறகு வெந்நீர்த் தொட்டியில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றாள்.

"இவ்வளவு பெரிய தொட்டி உனக்கு ஒருத்தனுக்கா?"

"விக்கிறவன் சொன்னான், வாங்கிட்டேன்."

"பொய் சொல்லாதே. இதுலேருந்து என் வீட்டுக்கு ஒரு குழாய் இழுக்க முடியுமா?"

"முடியும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகையைச் சாக்காகச் சொல்லவும் வழியில்லை.

"கெர்லிண்டே, பெட்டிங்களை இறக்கு" என்றாள் ரோஸ்விதா.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய்க் குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தேன். உறைந்த தரை 'ணங்'கென்றது.

"மாமா, பனி உருகட்டும்!" என்று கெர்லிண்டே கத்தினாள்.