ஜென்சி வீட்டு ஷட்டர்

வட்டக்கானல் இசபெல்லாவுக்குச் சரியான தூக்கம் போய் ஒரு மாதம் ஆகிறது. நோயில்லை, நொடியில்லை. அடுத்த வீட்டு ஓரகத்தி ஜென்சி கார் செட்டுக்குப் புதிதாக ஷட்டர் மாட்டிவிட்டாள், அவ்வளவுதான். காரில் உட்கார்ந்தபடியே ரிமோட்டை அமுக்குவாள். கதவு தானாகச் சுருண்டு மேலே போகும். அதைக்கூட இசபெல்லா பொறுத்திருப்பாள். புருஷன் ராபின் சும்மா இருந்தானா?

"மதினிக்கு எதுலயும் ஒரு தெளிவு இருக்கு பாத்தியா," என்றான், அதுவும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. அன்றைக்கு ரசத்தில் உப்பு விழவில்லை.

ராபின் டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். இருட்டினால் காட்டுமாடு தெருவில் உலாத்துகிற ஊர் இது. ஜீப்பை வெளியே விட்டால் காலையில் கண்ணாடி மிஞ்சுமா என்பது மாட்டின் மனசைப் பொறுத்தது. செட்டின் மரக்கதவோ மழையிலும் மூடுபனியிலும் ஊறி, அடிப்பக்கம் இற்றுப்போய், ஒருக்களித்து நின்றது.

தச்சர் மூக்கையா வந்து தட்டிப் பார்த்தார். "கீழ ரெண்டு பலகைய மாத்தி, கீலப் புதுசாப் போட்டாப் போதும்மா. மத்ததெல்லாம் கல்லு மாதிரி கெடக்கு."

"அப்பொ ரிப்பேரே பாத்துருவோம்," என்றான் ராபின்.

"ஆமா, நமக்கு ரிப்பேரு போதும். தெளிவு இருக்கவங்களுக்குத்தான புதுசு!"

ராபின் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு சவாரிக்குக் கிளம்பினான். அவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

அவன் தாண்டிக்குடிப் பக்கம் சவாரி போயிருந்த நாளாகப் பார்த்து இசபெல்லா ஷட்டர்காரரை வரவழைத்தாள். "பக்கத்து வீட்டுல போட்ட மாதிரியே போடுங்க. இம்மி பிசகக் கூடாது. கலரு மட்டும் அதவிடப் பளிச்சுன்னு இருக்கணும்."

"உங்க வண்டி என்ன வண்டிம்மா?"

"எந்த வண்டியா இருந்தா என்ன? அங்க போறது இங்க போவாதா?"

அவருக்கென்ன வந்தது? மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிக்க ஏற்பாடு. அதுவரை ஜீப் உள்ளே போகக் கூடாது என்று ராபினுக்கு உத்தரவு. புது வீட்டை மந்திரிப்பார்கள், புது வண்டியை மந்திரிப்பார்கள். ஒரு ஷட்டருக்குச் சாமியாரைக் கூப்பிட்டது அந்தப் பங்கிலேயே இசபெல்லாதான். ஜென்சியின் வீட்டுக்கே போய், "அக்கா, நீங்க கட்டாயம் வரணும்," என்று கையைப் பிடித்து அழைத்தாள். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்காவிட்டால் இவ்வளவும் எதற்கு?

சாமியார் தீர்த்தம் தெளித்தார். இசபெல்லா ரிமோட்டை அமுக்க, நீல ஷட்டர் மளமளவென்று ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஜென்சியும் தட்டினாள், சிரித்த முகமாக. பாவி, கொஞ்சமாவது முகம் சுண்டியிருக்கக் கூடாதா என்று இசபெல்லாவுக்கு எரிந்தது.

ராபின் ஜீப்பை உள்ளே விட்டான். டமார்!

ஜென்சியுடையது குட்டைக் கார். ராபினின் ஜீப்புக்கோ உச்சியில் பெட்டி படுக்கை ஏற்றுகிற இரும்புக் கேரியர். மேலே சுருண்ட ஷட்டர் வாசலில் ஒரு முழம் இறங்கி நிற்க, கேரியர் அதில் முட்டிக்கொண்டது. கேரியரைக் கழற்றினால் சவாரி கிடைக்காது. ஜீப்பை வெளியே விட்டால் மாடு விடாது. சாமியார் செபப் புத்தகத்தை மூடிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

ஜென்சிதான் பேசினாள். "இதுக்கு ஏன் தம்பி மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? எங்க காம்பவுண்டுக்குள்ள விட்டுக்கங்க. பெரிய கேட்டு இருக்கு, மாடு வராது."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் இசபெல்லாவுக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து ராபின் வண்டியை அங்கே விட்டுவிட்டு உடனே வீடு திரும்புவதில்லை. கேட்டால், "மதினி காபி குடுத்தாங்க." இன்னொரு நாள், "மதினி பணியாரம் சுட்டுருந்தாங்க. அண்ணன் ஒரு கதை சொன்னாரு பாரு!" இரவு அவன் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

ஒரு சாயங்காலம் இசபெல்லா காலிச் செட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மதில் தாண்டி ராபினின் சிரிப்பு கேட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. தன் வீட்டில் அவன் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று? அவளுக்கு அழுகை முட்டியது.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"நாளைக்கு வெள்ளனே மூக்கையாண்ணனை வரச் சொல்லுங்க. ஷட்டரைக் கழட்டிட்டு, கொல்லையில கெடக்கிற பழைய கதவை ரிப்பேரு பாத்து மாட்டட்டும்," என்றாள் இசபெல்லா.

"ஏ, மந்திரிச்ச ஷட்டரையா? ஊரே சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். நீங்க அங்க போயிச் சிரிக்கிறதுக்கு, ஊரு இங்க வந்து சிரிக்கிறது எவ்வளவோ தேவல."