விளக்குப் பக்கம்

எங்கள் வரலாற்றுத் துறையின் ஆசிரியர் அறையில் ஒரு அச்சுப் படம் மாட்டியிருக்கிறது. அசல் ஓவியம் ஏதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். மறுமலர்ச்சிக் காலத்துப் பணக்காரர் ஒருவரின் வீட்டில், நடுவே பழைய கிரேக்க ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றி அறிஞர்கள். ஒருவர் விரல் வைத்துப் படிக்கிறார், ஒருவர் மறுத்துப் பேசுகிறார், ஒருவர் எல்லாம் தெரிந்தவர் மாதிரி தாடியைத் தடவுகிறார். வலது ஓரத்தில் ஒரு வேலைக்காரப் பெண் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். அவள் கையில் மட்டும் புத்தகம் கிடையாது.

துறையில் வேலை நிரந்தரமானவர்களுக்கு இந்தப் படத்தில் ஒரு ஆளைக் கொடுப்பது வழக்கம். கேக் வெட்டி, கை தட்டி, இனிமேல் இவர் நீங்கள் என்பார்கள். படித்தவர்கள் விளையாட்டு அப்படித்தான் இருக்கும். துறைத்தலைவர்தான் நடுவில் இருக்கும் சிவப்புத் தொப்பிக்காரர். நான் டைப்பிஸ்ட். எனக்கு அதில் இடமே இல்லை, அந்த மட்டில் தப்பித்தேன்.

தற்காலிக வேலைக்கு வந்த பெண்ணுக்கு, சும்மா ஒரு தமாஷுக்கு, விளக்குக்காரியைக் கொடுத்தார்கள். அதுவே பெயராகிவிட்டது. விளக்கு, இந்த வகுப்பைப் பார்த்துக்கொள். விளக்கு, கேள்வித்தாள் தயார் செய். தலைவருடைய புத்தகத்தின் அடிக்குறிப்புகள் அத்தனையும் அவள் எழுதியவை, அடித்துக் கொடுத்த எனக்குத் தெரியாதா? கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே எழுந்து போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்குச் சூடு சொரணையே இல்லையா என்று கேட்டிருக்கிறேன். நிரந்தரம் ஆனால் நானும் அந்த மேஜையில் உட்கார்ந்துவிடுவேன் அக்கா என்பாள்.

அந்த ஆசையை ஊட்டியவர் தலைவர். வேறு கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்தபோதெல்லாம், எங்கேயும் போகாதே, நான் ஓய்வு பெற்றதும் காலியாகிற இடம் உனக்குத்தான் என்று தடுத்துவிட்டார். அவளும் போகவில்லை. இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இது கிடைக்காவிட்டால் இனி எங்கேயும் விண்ணப்பிக்கக்கூட முடியாது.

ஓய்வு பெறுகிற தலைவர் துறைக்கு ஏதாவது அன்பளிப்பு தர வேண்டுமே. மனிதர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். வீட்டில் மாட்டியிருந்த மாமனார் படத்தைக் கழற்றிவிட்டு, அந்தப் பழைய மரச்சட்டத்தைக் கொண்டுவந்தார். நம் ஆசிரியர் அறைப் படத்தை இதில் மாட்டி, கீழே என் பெயரைப் பித்தளையில் பதித்துவிடுங்கள் என்றார். கொண்டுபோகிற வேலை யாருக்கு? விளக்குக்குத்தான். பெரிய படம் என்பதால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

பிரேம் கடைக்காரர் இரண்டையும் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். படம் அகலம், சட்டம் குறுகல். மூலையெல்லாம் பூவேலை செய்த சட்டம், அதில் கை வைக்க முடியாது. படத்தைத்தான் ஒரு பக்கம் நறுக்க வேண்டும், எந்தப் பக்கம் என்றார். செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதைதான். அவள் தலைவருக்குப் போன் செய்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"விளக்குப் பக்கம் வெட்டிடச் சொல்லும்மா," என்றார் அவர். "இனிமே அதுக்கு டிபார்ட்மென்ட்ல ஆள் இல்லையே."

யாரிடம் பேசுகிறோம் என்பதையே அவர் மறந்துவிட்டார்.

"அப்ப அந்த போஸ்ட், சார்?"

"மாப்பிள்ளைக்கு ஆயிடுச்சும்மா. சொல்லணும்னுதான் இருந்தேன். பிரேம் மட்டும் விழாவுக்குள்ள வந்துடணும், பாத்துக்கோ."

பாவி. போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்கும் ஓய்வூதியம் வர வேண்டியிருக்கிறதே.

கடைக்காரர் கத்தியை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். அவள் விளக்கைத் தொட்டுக் காட்டி, இந்தப் பக்கம் என்றாள். ஸ்கேல் நகராமல் இருக்க மறுமுனையை அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெட்டிய துண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்பதற்குள், அவர் அதை நாலாக மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகி அட்டையை வைத்து ஆணி அடித்துவிட்டார். இடைவெளி இருந்தால் படம் ஆடுமாம்.

விழாவில் மாப்பிள்ளைக்குச் சிவப்புத் தொப்பிக்காரரைக் கொடுத்தார்கள். கேக், கைதட்டல் எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளைப் பையன் படத்தை உற்றுப் பார்த்து, எல்லார் முகத்திலும் வெளிச்சம் விழுகிறதே, விளக்கு எங்கே என்று கேட்டான். வருஷா வருஷம் அந்த ஓவியத்தைப் பாடம் எடுத்தவள் அவள்தான். தலைவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் எழுந்து நின்றாள். வலது பக்கம் ஒருத்தி இருந்தாள், ஓவியர் எல்லா முகத்துக்கும் அவள் கையிலிருந்துதான் வெளிச்சம் கொடுத்திருக்கிறார் என்று வகுப்பில் சொல்வது போலவே பதறாமல் சொன்னாள். அருமையாகச் சொல்கிறீர்களே, உங்கள் குறிப்புகளையெல்லாம் எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றான் அவன். முன்கூட்டியே தலைவர் கேட்டிருப்பார் போல, நோட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து, "குடுக்காதம்மா," என்றேன்.

"பசங்களுக்கு யாராவது பாடம் நடத்தணுமேக்கா," என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. மாப்பிள்ளை அந்த நோட்டுகளை என் மேஜையில் கொண்டுவந்து போட்டான். கையெழுத்து புரியவில்லை, சுத்தமாக டைப் அடித்து மேலே அவன் பெயரைப் போடச் சொன்னான். நான் போட்டுக் கொடுத்தேன்.