எண்பது சதவீத ஈரம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் வீட்டுக்குள் மழை தூறத் தொடங்கியது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தூறல் அவருடைய மருமகள் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் விழுந்தது. அவள் சமையலறைக்குப் போனால் கூடவே போயிற்று. மெக்கானிக் மாடியேறி தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒழுகல் இல்லை என்று தெரிந்ததும் இறங்கி வந்து டிவிக்கு பிளாஸ்டிக் உறை போட்டார், தாழ்வாக இருந்த ஸ்விட்சுகளைக் கழற்றி உயரத்தில் மாட்டினார். அவருடைய ஒரே மகன் மூன்று நாள் காய்ச்சலில் போய் அன்றோடு இருபது நாள். அவள் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. அவள் வேலை பார்த்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தில், குழாய்களில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் ஊறிப்போவதாகச் சொல்லி, மழை விடும்வரை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மகன் ஆசையாக வளர்த்த புள்ளிப்பல்லி ஒன்று கண்ணாடித் தொட்டியில் இருந்தது. காய்ச்சல் வருவதற்குச் சில நாள் முன்புதான் நண்பனுடைய ஆண் பல்லியோடு அதைச் சேர்த்துவிட்டிருந்தான். தூறல் ஆரம்பித்த அதே வாரம் அது இரண்டு முட்டை இட்டது. என்ன செய்ய வேண்டும் என்று மகன் நோட்டில் எழுதி வைத்திருந்தான்: முட்டையைப் புரட்டக் கூடாது, மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும், ஈரப்பதம் எண்பது, வெப்பம் இருபத்தாறுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே, குறைந்த பக்கம் வைத்தால் பெண், கூடிய பக்கம் வைத்தால் பெரும்பாலும் ஆண்.

முப்பத்தைந்து வருடமாகப் பெட்டிகளைக் குளிரவைத்தே பிழைத்த மனிதர், கம்ப்ரஸர் செத்த ஒரு பழைய ஃப்ரிட்ஜை எடுத்து, உள்ளே பல்பு மாட்டி, தெர்மோஸ்டாட் பொருத்தி, அதைச் சூடாக்கினார்.

"பையன் வேணுமாம்மா, பொண்ணு வேணுமா?" என்று கேட்டார்.

"உயிரோட வந்தா போதும் மாமா."

அவர் முள்ளை முப்பதில் நிறுத்தினார். டப்பாவில் நனைத்த மண்தூள் போட்டு முட்டைகளைப் பாதி புதைத்து வைத்தார்கள். ஊரெல்லாம் உதடு வெடிக்கிற வறட்சி. ஆனால் மருமகள் ஃப்ரிட்ஜின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்வரை உள்ளே வைத்த ஈரப்பத மீட்டர் எண்பதிலேயே நின்றது. தூறல் வலுத்தால் மெக்கானிக் வாசல் கதவைக் கொஞ்சம் திறந்துவைப்பார், இல்லாவிட்டால் முட்டையில் பூஞ்சை பிடித்துவிடும். இப்படியே ஐந்து வாரம் போயிற்று.

ஆறாவது வாரம், பக்கத்து வீட்டு தையல்காரி அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே உறவினர் கல்யாணத்துக்குப் போய் மாலை வரை அப்படியே நின்ற கதையைச் சொன்னாள். மருமகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மழை நின்றது. இரண்டு நாள் ஒரு துளியும் இல்லை. மூன்றாம் நாள் காலை மீட்டர் ஐம்பத்திரண்டு காட்டியது. இரண்டு முட்டைகளும் அமுங்கிய பந்துபோல ஒடுங்கிக் கிடந்தன.

மெக்கானிக் வேலையிலிருந்து திரும்பியபோது அவள் பீரோவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, கணவனின் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் கடைசியாக எடுத்த போட்டோவையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"மழை வரமாட்டேங்குது மாமா. நான் சிரிச்சிட்டேன். அதான் முட்டை இப்படி ஆயிடுச்சு."

அவர் குனிந்து சட்டையை மெல்ல வாங்கி மடித்தார்.

"முட்டைக்காக நீ அழணுமா? ஈரத்துக்கு நான் வழி பண்றேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை இருவருக்கும் காதில் விழுந்தது. அவர் எழுந்துபோய், பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றைப் புதிதாகப் பிரித்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, டப்பாவின் ஓரத்தில் வைத்து மூடினார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் பஞ்சை மாற்றினார். வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் இரண்டு நாள் வர முடியாது என்றார். மறுநாள் சாயங்காலம் ஒடுக்கு நிமிர ஆரம்பித்தது. அடுத்த நாள் முட்டைகள் மாவு உருண்டைபோலப் பருத்து நின்றன. அவள் தையல்காரியிடம் போய் மிச்சக் கதையையும் கேட்டுவிட்டு வந்தாள்.

முட்டையிட்ட ஐம்பத்துமூன்றாம் நாள் மதியம் முதல் முட்டை கிழிந்தது. விரல் நீளத்தில், பட்டை பட்டையாக, ஈரத் தலையோடு ஒன்று வெளியே வந்து, பக்கத்து முட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டு இரண்டு பேரையும் பார்த்துக் கத்தியது. ஒரு மணி நேரத்தில் இரண்டாவதும் வந்தது. "அவனும் பொறந்தப்ப இப்படித்தான் கத்தினான்" என்றார் மெக்கானிக். அப்போதுதான் முதல்முறையாக அவர் தலைமேல் மழை விழுந்தது. தூறல் இல்லை, அடைமழை. மருமகள் துண்டை எடுத்துவந்து அவருடைய தலையைத் துவட்டினாள், மழை விடும்வரை துவட்டிக்கொண்டே நின்றாள்.

அதன்பின் அவள் வேலைக்குத் திரும்பினாள். குட்டிகள் வளர்ந்தன, ஒன்று ஆண், ஒன்று பெண். மழை மாதத்துக்கு ஒரு முறை வந்தது, பிறகு வருடத்துக்கு இரண்டு முறை. நான்காவது வருடம், அவளுக்கு மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுத்த கடைக்காரர், அவளைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக மெக்கானிக்கிடம் சொல்ல வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் லேசாகத் தூறியது. கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்யாணத் தேதியைப் பற்றிக் கேட்டார்.