மொரிதா சாரின் சிவப்புச் சீட்டு

செத்துப்போன மனிதர் வேலைக்கு வருவதை முதல் மூன்று நாள் எல்லோரும் பயத்தோடு பார்த்தார்கள். நாலாம் நாளிலிருந்து எரிச்சலோடு பார்த்தார்கள். பயப்படுவதற்கும் ஒரு நியாயம் வேண்டாமா? பட்டப்பகலில், பத்து மணி டீ நேரத்தில், எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, சாம்பல் நிறச் சீருடையும் தொப்பியும் அடையாள அட்டையுமாக ஒரு பேய் வந்து, கீழே கிடக்கும் துடைப்பத்தை எடுத்து ஆணியில் மாட்டினால் எத்தனை நாள்தான் அலறுவது?

மொரிதா சார் ஜப்பான்காரர். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், ஸ்கூட்டருக்கு பிரேக் லீவர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஆறு வருடம் தரப் பிரிவின் தலைவராக இருந்தவர். இரண்டு வாரத்துக்கு முன் கெஸ்ட் ஹவுஸில் தூக்கத்திலேயே போய்விட்டார். உடலை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். போனது உடல் மட்டும்தான். மூன்றாம் நாள் காலையிலேயே, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், மற்றபடி இஸ்திரி கலையாமல், அவர் டியூட்டிக்கு வந்துவிட்டார்.

“நம்மூரு பேய்க்கும் கால் இல்ல, ஜப்பான் பேய்க்கும் கால் இல்ல. இதுல மட்டும் ரெண்டு நாடும் ஒண்ணாத்தான் இருக்குது” என்றார் மெஷின்களைப் பழுது பார்க்கும் முனிகிருஷ்ணன்.

தரணிக்கு எரிச்சல் மற்றவர்களைவிட இரண்டு பங்கு. மொரிதா சாருக்குக் கீழே தரம் பார்க்கும் வேலை அவளுடையது. பேய் என்றால் ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போக வேண்டியதுதானே? இவர் நேராக ஸ்டோருக்குப் போவார். ஏழாம் நம்பர் பெட்டிக்கு முன்னால் நின்று, விரலை நீட்டி, வாய்விட்டு ஏதோ சொல்வார். உயிரோடு இருந்தபோதும் எதைச் சோதித்தாலும் அப்படி விரல் நீட்டிச் சொல்லிப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். அவர் அங்கிருந்து மறைந்த பிறகு பெட்டியில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். சிவப்புச் சீட்டு ஒட்டினால் சரக்கு நகரக்கூடாது. என்ன குறை, யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும்.

ஸ்டோர்காரர் கங்கையா டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் தரணி ஓடிப்போய் அதைக் கிழித்து, படிக்காமலே கசக்கிக் குப்பையில் போடுவாள். படிக்க என்ன இருக்கிறது? அவள் பெயர்தான் இருக்கும்.

அந்தப் பெட்டியில் நானூற்றெண்பது லீவர். ஐந்தை எடுத்து வளைத்துப் பார்ப்பதுதான் சோதனை. மொரிதா சார் சாவதற்கு முன் தரணி பார்த்தபோது நாலு தாங்கின. ஐந்தாவது விரிசல் விட்டது. ஒன்று விரிசல் விட்டால் மொத்தத்தையும் பார்க்க வேண்டும், மூன்று மணி நேரம் பிடிக்கும். அன்று சாயங்காலம் நகரியில் நாத்தனாரின் கல்யாண வரவேற்பு. கம்பெனி பஸ் ஐந்தரைக்கு. தரணி ஐந்தாவதையும் ‘சரி’ என்று எழுதிவிட்டுப் பட்டுப்புடவைப் பையோடு பஸ் ஏறினாள். அந்தத் தாளில் மொரிதா சாரின் முத்திரையும் விழுந்தது. அதற்கு இரண்டாம் நாள் மனிதர் கண்ணை மூடினார். செத்த பிறகு எப்படியோ விஷயம் தெரிந்து, தன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் அவர் தினமும் வருகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

இத்தனை நாள் ஸ்டோரில் கிடந்த பெட்டி வியாழக்கிழமை காலை லாரியில் ஏறப்போகிறது. ஏறிவிட்டால் அவள் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் யாரோ ஒருவர், பின்னால் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு, அந்த லீவரை நம்பி பிரேக் பிடிப்பார். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தரணி மொரிதா சாரைத் திட்டித் தீர்த்தாள். திட்டுவதற்கு அவர்தான் வசதியாக இருந்தார்.

முனிகிருஷ்ணன் கார்வேட்டிநகரத்திலிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார். மந்திரவாதி வேப்பிலையோடு, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டியதும் மொரிதா சார் எதிரே வந்து நின்றார். இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். பிறகு மந்திரவாதியின் வெறுங்காலைச் சுட்டிக்காட்டி, பாதுகாப்பு ஷூ இருக்கும் அலமாரியைச் சுட்டிக்காட்டினார். மந்திரவாதி ஷூவை மாட்டிக்கொண்டு பாதி மந்திரம் சொன்னார். அதற்குள் மொரிதா சார் ஹெல்மெட்டைச் சுட்டிக்காட்டினார். மந்திரவாதி வேப்பிலையை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

பதினாறாம் நாள் புதன்கிழமை வந்தது. பெண்டாட்டி பிள்ளை யாரும் இந்த ஊரில் இல்லாத மனிதர், கருமாதியை நாமே செய்துவிடலாம் என்றார் முனிகிருஷ்ணன். மேனேஜரும் வந்து கும்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். கேன்டீன் சமையல்காரி செங்கம்மா வெளியே மதிலோரம் வாழையிலையில் சோறு, மீன் குழம்பு, மொரிதா சார் விரும்பிச் சாப்பிடும் எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் பரிமாறி, பக்கத்தில் ஜப்பான்காரர்கள் சாப்பிடும் இரண்டு குச்சியும் வைத்தாள். இலையோரம் மொரிதா சார் கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார். மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கை இலையைப் பார்த்தது. அலகைச் சுவரில் தேய்த்துக்கொண்டது. இறங்கவில்லை.

காக்கை இறங்காவிட்டால் செத்தவருக்கு மனக்குறை இருக்கிறது என்று அர்த்தம். வேண்டியவர்கள் முன்வந்து, இன்னதைச் செய்கிறேன் என்று வாய்விட்டு வாக்குக் கொடுக்க வேண்டும். சரியான வாக்காக இருந்தால் காக்கை இறங்கும்.

“சார், மூணாம் நம்பர் மிஷினுக்கு வாரா வாரம் எண்ண போட்றேன்” என்றார் முனிகிருஷ்ணன். காக்கை அசையவில்லை. “ரேக் எல்லாம் நீட்டா சர்தேஸ்தானு சார், அடுக்கி வச்சிட்றேன்” என்றார் கங்கையா, தெலுங்கு கலந்து. காக்கை திரும்பி உட்கார்ந்தது.

செங்கம்மா தொண்டையைக் கனைத்தாள். “சாம்பார்ல இனிமே தண்ணி ஊத்த மாட்டேன் சார்.”

“அப்போ இத்தினி நாளா ஊத்திக்கினுதான் இருந்தியா?” என்றார் முனிகிருஷ்ணன்.

ஆளாளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. குழம்பில் ஆடை படிந்தது. தரணிக்கு எல்லோர் மேலும் பற்றிக்கொண்டு வந்தது: காக்கை மேல், இந்த முட்டாள் சத்தியங்கள் மேல், ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும் இந்தப் பிடிவாதக்காரர் மேல். மேனேஜரிடம் சொல்கிறேன் என்று உதட்டுக்குள் முணுமுணுத்துப் பார்த்தாள். காக்கை கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அவ்வளவுதான். நாளைக் காலை லாரி.

“போதும் சார்” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “ஏழாம் நம்பர் பெட்டி லாரில ஏறாது. அஞ்சாவது லீவர் விரிசல் வுட்டுச்சி. பஸ்ஸு போயிடும்னு நான்தான் சரின்னு எழுதிட்டேன். இப்பவே மேனேஜர் கிட்ட போயி சொல்லிட்றேன்.”

காக்கை இறங்கியது. நேராக மீன் துண்டைக் கொத்திக்கொண்டு பறந்தது. முனிகிருஷ்ணன், “ஏம்மே, இத்த மொதல்லயே” என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேனேஜரிடம் காட்டுவதற்காக ஸ்டோருக்குப் போய் அன்றைய சிவப்புச் சீட்டைப் பிய்த்தாள். முதல் தடவையாகப் படித்தாள். மொரிதா சாரின் நுணுக்கி நுணுக்கி எழுதும் கையெழுத்து.

குறை: தாளைப் பார்க்காமல் முத்திரை வைத்தது. காரணம்: தரணி எழுதியது என்பதால் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன். பொறுப்பு: மொரிதா.

தரணி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தினமும் இதைத்தான் எழுதியிருக்கிறார். தினமும் கசக்கி எறிந்திருக்கிறாள். வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து அழுகையாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து அவர் பெயரை அழுத்தி அடித்தாள். கீழே தன் பெயரை எழுதினாள்.

மேனேஜர் அறை வாசலில் நின்று சீட்டை இன்னொரு தடவை பார்த்தாள். அடித்த கோட்டைக் காணோம். அவள் பெயருக்கு மேலே அவர் பெயர் பளிச்சென்று திரும்பவும் இருந்தது. அவள் மறுபடி அடித்தாள். மை காய்வதற்குள் கோடு மறைந்தது.

“செத்தும் வுட மாட்டியா சார் நீ” என்று சொல்லிவிட்டு, இரண்டு பேர் பெயரோடும் அவள் கதவைத் தட்டினாள்.