கேமராவுக்குக் கீழே

“இந்தப் படத்துல அப்படி இன்னாதான் கீது, ஷைனி? ஒரே ரூமு, ஒரே கம்ப்யூட்டரு, ஒரே இருட்டு!”

அண்ணி கிரேஸ் ஒருமுறை இப்படிக் கேட்டாள். ஷைனி மடியில் தூங்கிய குழந்தையைச் சாக்காக வைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அண்ணன் ஸ்டீபனும் அண்ணியும் கும்மிடிப்பூண்டியில் ஆளுக்கொரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட, வீடும் அவர்கள் குழந்தையும் அவள் பொறுப்பு. குழந்தை தூங்கிவிட்டால் போனில் படம் ஓடும்.

எல்லாம் எங்கோ எடுத்து, யாரோ தமிழில் பேசிவிட்ட படங்கள். காசில்லாமல் எடுத்தவை என்று பார்த்தவுடனே தெரியும். ஆஸ்பத்திரியாக வந்த கட்டடமே அடுத்த காட்சியில் போலீஸ் ஸ்டேஷனாக வரும். சுவர்க் கடிகாரம்கூட மாறியிருக்காது. கதாநாயகனுக்கும் அவன் மாமனாருக்கும் ஒரே ஆள்தான் குரல். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்றால் கண்ணாடி போட்டிருப்பான். உலை பொங்கி வழிகிற அவசரத்தில் பட்டன்களைத் தட்டுவான்.

ஆனாலும் அந்தப் படங்களில் ஒரு மரியாதை இருந்தது. ஓர் ஏழைப் பெண்ணை ஏமாற்ற அங்கே ஒரு கம்பெனியே ராப்பகலாகப் பாடுபடும். அவள் பேச்சை ஒட்டுக்கேட்க ஆள் போடுவார்கள். அவள் பின்னாலேயே கறுப்புக் கார் அனுப்புவார்கள். கடைசியில், அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பதிவு ஏதோ ஒரு மூலையில் அழியாமல் கிடக்கும். கண்ணாடிக்காரன் அதை எடுத்துத் திரையில் போடுவான். பெரிய மனிதர்கள் முகமெல்லாம் தொங்கிப்போகும். அந்த இடத்தை மட்டும் ஷைனி திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டீபனின் வலது கை விரல்கள் மெஷினில் போயின.

தகடு வெட்டுகிற பிரஸ் அது. இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒருசேர அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆர்டர் நெருக்கினால் ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டிவிடுவார்கள். ஒரு கை தகட்டைத் தள்ள, மறு கை பட்டனைத் தட்ட, வேலை பறக்கும். ஆனால் வேலை செய்கிறவர்கள் தாங்களாக ஒட்ட மாட்டார்கள். பிரஸ்ஸுக்கு நேர்மேலே ஒரு கேமரா, சிவப்பு விளக்கு மின்ன, பார்த்துக்கொண்டே இருந்தது. மூக்கைச் சொறிந்தாலும் ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்று எல்லாருக்கும் பயம். ஆட்களை அனுப்புகிற காண்ட்ராக்டர் குப்புராஜ்தான் வந்து ஒட்டுவார். அன்றைக்கும் அவர்தான் ஒட்டினார்.

ஸ்டீபன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் குப்புராஜ் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“நைனா, நடந்தது நடந்துபோச்சு. மேனேஜரு முன்னாடி வந்து, டேப்ப நானேதான் ஒட்னேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. கேட்டுல குந்திகினு வர்றவன் போறவனப் பாக்கற வேல உனக்குத்தான். நாற்காலி, ஃபேனு, நெழலு. இன்னா சொல்ற?”

ஸ்டீபன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். “சரின்னுடலாமா?” என்று மனைவியைக் கேட்டான்.

“வேற இன்னா வழி கீது?” என்றாள் கிரேஸ்.

“வேணாம்ணா.”

சொன்னது ஷைனி. வெளியாள் முன்னால் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. “கேமராவுக்கு நேர்க் கீழ நின்னுதான இவரு ஒட்னாரு? அதுல பதிஞ்சிருக்கும்.”

குப்புராஜ் அவளைப் பார்த்துச் சிரித்தார். “அடேங்கப்பா, பாப்பாவுக்குப் பேச்சுகூட வருதே!” என்று எழுந்து போய்விட்டார்.

அவர் பயந்துவிட்டார் என்றே ஷைனி நினைத்தாள். படத்தில் பயந்தவன் அப்படித்தான் சிரிப்பான்.

“அழிச்சிருந்தாங்கன்னா?” என்றான் ஸ்டீபன்.

“அழிச்சாலும் எடுத்துடலாம்ணா. எங்கியாவது காப்பி இருக்கும்.”

“யாரு சொன்னா, உன் கண்ணாடிக்காரனா?” என்றாள் கிரேஸ். “சும்மா பேஜாரு பண்ணாத. வர்ற வேலையக் கெடுத்துடப் போற.”

ஆனால் ஸ்டீபன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தன்மேல் தப்பில்லை என்பதை ஏதோ ஒன்று பார்த்திருக்கிறது என்ற நினைப்பே அவனுக்குப் போதுமாயிருந்தது. “என் கைய நானே குடுத்தேன்னு எப்படி கிரேஸு சொல்றது?” என்றான்.

மறுநாள் காலையில் நாஷ்டாகூடத் தின்னாமல் கிளம்பினான். “நீயும் வா, எனக்கு அப்படிப் பேச வராது” என்று தங்கையையும் கூட்டிப் போனான்.

மேனேஜர் கெட்டவராகத் தெரியவில்லை. சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டீபன் கேமராப் பதிவைக் கேட்டதும் அவர் பக்கத்தில் நின்ற குப்புராஜைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க சொல்லலியா?”

“நான் சொன்னா நம்புவானா சார்? வா நைனா, நீயே பாரு.”

நால்வரும் மெஷினிடம் போனபோது பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. குப்புராஜ் மூலையில் கிடந்த ஒட்டடைக் கம்பை எடுத்து, கேமராவை ஒரு தட்டுத் தட்டினார். மூடி கழன்று விழுந்தது. உள்ளே வயர் இல்லை. இரண்டு பேட்டரிகளும் ஒரு குட்டிச் சிவப்பு பல்பும்தான் இருந்தன.

“பயம் காட்டறதுக்கு மாட்ன பொம்ம,” என்றார். “பேட்டரி மாத்தறதே நான்தான்.”

அவர் ஏன் அதற்குக் கீழேயே நின்று கூசாமல் ஒட்டினார் என்பது ஷைனிக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் எதையும் அழிக்கவில்லை. மறைக்கவுமில்லை. அவள் அண்ணனை ஏமாற்ற ஒருவரும் மெனக்கெடக்கூட இல்லை.

ஸ்டீபன் மற்ற ஆட்களைப் பார்த்தான். அவர்கள் தகட்டின்மேல் இன்னும் குனிந்துகொண்டார்கள்.

“நீதான் ஒட்டினேன்னு அவரு சொல்றாரு, நீ இல்லேங்கற. நான் யாரைப்பா நம்பறது?” என்றார் மேனேஜர்.

“அப்ப, அந்தக் கேட்டு வேல...” ஸ்டீபனின் குரல் தேய்ந்தது.

“நீங்கதான் வேணாம்னுட்டீங்களே,” என்றார் குப்புராஜ். “ஜெயராஜு நேத்து சாயங்காலமே வந்து குந்திட்டான்.”

வெளியே வரும்போது கேட்டில் ஜெயராஜ் அவர்களைக் கண்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார்.

எளாவூர்ப் பக்கம் போகிற லாரிகள் புழுதியை வாரி இறைத்தன. சாலையோரம் நின்றார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று ஷைனி சுற்றிலும் பார்த்தாள். கேட்டின் தூணில் வேறொரு கேமரா இருப்பது கண்ணில் பட்டது. அதிலிருந்து நிஜமாகவே வயர் இறங்கியிருந்தது.

“அண்ணே, அதுல வயரு கீதுண்ணே. அன்னிக்கு அவரு எப்ப உள்ள போனாருன்னு அதுல பதிஞ்சி...”

ஸ்டீபன் திரும்பி அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவன் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி, அவளுக்கு இடம் விடாமல் ஓரத்திலேயே உட்கார்ந்தான். ஆட்டோ போய்விட்டது.