கையால் ஓட்டும் கார்

என் மனுசன் நுஹ்மான் ஹாஜியார் வாழ்நாள் முழுக்க மிளகும் கராம்பும் விற்றவர். பேரம் பேசாமல் அவருக்கு எதையும் வாங்கத் தெரியாது. மகனுடைய காலையும் அப்படித்தான் வாங்கப் பார்த்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, இரண்டு கையையும் ஏந்திச் சத்தமாகவே கேட்டார். "யா அல்லாஹ், என் புள்ள எழும்பி நடக்கட்டும். அவன் ஆசப்பட்ட காரையே செய்விச்சுக் குடுக்கிறேன்." அந்தப் பக்கமாகப் போன தாதி திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த நேரம் எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. கார் என்ன, குடியிருக்கிற வீட்டைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

றம்ஸி எங்களுக்கு ஒரே மகன். கூட்டாளிகளோடு ரிவர்ஸ்டன் மலை பார்க்கப் போனவன், மூடுபனியில் வளைவு தெரியாமல் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தான். உயிர் தப்பியது. முதுகெலும்பு தப்பவில்லை. இடுப்புக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று பெரிய டொக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். விளங்கியதா என்று கேட்டு இன்னொரு தடவையும் சொன்னார். ஹாஜியார் இரண்டு தடவையும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "இத நம்மட வாயால யாரும் சொல்லக் கூடாது, ஹமீமா" என்றார்.

இது எங்கள் ஆட்களிடம் சின்ன வயதிலேயே ஊறிப்போன பயம். கெட்டதை நாக்கால் சொல்லக் கூடாது. அந்த நேரம் பார்த்து மேலே போகிற மலக்குமார், வானவர்கள், அதைக் கேட்டு "ஆமீன்" சொல்லிவிட்டால் அது அப்படியே நடந்துவிடும். ஆகவே எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. இப்போதைக்கு ஏலாமல் இருக்கிறான் என்றோம். கொஞ்சம் சுணங்கும் என்றோம். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கும் வாசலிலேயே வாய்ப்பூட்டுப் போட்டு அனுப்பினோம். வருசம் ஒன்று கடந்தும் அது சுணங்கிக்கொண்டேதான் இருந்தது.

அரசாங்கம் நிறுத்திவைத்திருந்த வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று ஹாஜியாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்தார். றம்ஸிக்குக் காரென்றால் பைத்தியம். வீட்டுக்குள் இருந்தபடியே, ரோட்டில் போகிற சத்தத்தை வைத்து இன்ன கார் என்று சொல்லிவிடுவான். அவன் படுத்திருக்கிற அறைச் சுவரில் இப்போதும் ஒரு சிவப்புக் காரின் படம் இருக்கிறது. கழற்றிவிடவா என்று கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் காரைத்தான் ஹாஜியார் ஓடர் பண்ணப் போவதாகச் சொன்னார்.

"எழும்பி நடந்த பிறகு குடுக்கிறேன் எண்டுதானே துஆ கேட்டீங்க" என்றேன்.

"அட்வான்ஸ் குடுத்தாத்தான் சரக்கு வரும். நம்பி முன்னால வெக்கணும். கார் செஞ்சு கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள அவன் எழும்பிருவான்."

 பலாபத்வலயில் இருந்த எங்கள் கராம்புத் தோட்டத்தை விற்றார். கொழும்புக்குப் புறப்பட்டார். நானும் கூடவே போனேன்.

கார் விற்கிற அந்தக் கடையில் தரையே கண்ணாடி மாதிரி இருந்தது. செருப்போடு நடக்கக் கூச்சமாக இருந்தது. கஜீபன் என்று ஒரு தமிழ்ப் பிள்ளை, மிகவும் மரியாதையான பிள்ளை, எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தான். கடையில் நிற்கிற காரை வாங்குவது வேறு, இது வேறு என்று விளக்கினான். நாம் சொல்கிறபடி ஒவ்வொன்றையும் வெளிநாட்டில் செய்வார்கள். ஆசனத்துத் தோல், அதன் தையல் நூல், கதவுக்குள் எரிகிற வெளிச்சம், எல்லாம் நம் விருப்பம். பெரிய திரையில் கார் திரும்பித் திரும்பி நின்றது. ஹாஜியார் கல்யாணப் பெண் பார்க்கிறவர் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டப் போறவரோட உடம்புக்கு அளவெடுத்துத்தான் ஆசனமும் பெடலும் வைப்பாங்க, சேர். மகன ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றான் கஜீபன்.

"அவன் லண்டன்ல படிக்கிறான்" என்றார் ஹாஜியார், கொஞ்சமும் யோசிக்காமல்.

எனக்குத் தேநீர் புரைக்கேறியது. அவர் என்னைக் கவனிக்கவில்லை. கொண்டுவந்த பையைத் திறந்து ஒரு காற்சட்டையை எடுத்து, அந்தப் பிள்ளையின் மேசைமேல் விரித்தார். விபத்துக்கு முந்திய பெருநாளுக்காக எங்கள் ஊர்த் திருகோணமலை வீதித் தையல்காரரிடம் றம்ஸிக்குத் தைத்த காற்சட்டை. அலுமாரியில் அதைக் காணவில்லை என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"கால் நீளம் இதுல சரியா இரிக்கி. இத வெச்சுப் பெடலப் போடுங்க."

கஜீபன் சிரிக்கவில்லை. அளவு நாடா எடுத்துவரச் சொல்லி அளந்தான். என் மகனின் கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணியை ஒருவன் அளந்துகொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"தம்பி, கால் ஏலாதவங்க இந்தக் கார ஓட்ட முடியாதா?"

"ஏன் மேடம் முடியாது? ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல ஒரு பிடி வெச்சுத் தருவாங்க. வேகம் குடுக்கிறது, பிரேக் போடுறது எல்லாம் கையாலேயே செய்யலாம். ஆனா ஓடரப் பூட்டுறதுக்கு முந்திச் சொல்லணும். பூட்டிட்டா அங்க எதையும் மாத்த மாட்டாங்க."

"அது நமக்கு எதுக்கு?" என்றார் ஹாஜியார். குரல் உயரவில்லை. காற்சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

திரும்பி வருகிற வழியில் குருநாகலைத் தாண்டினோம். ஹாஜியார் கேட்டார். "ஒனக்கு அல்லாஹ் மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கையும் இரிக்கி. கண்ணும் இரிக்கி" என்றேன். 

எனக்கு அந்தக் கைப்பிடி ஏன் தேவைப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கஞ்சி கொண்டு போனபோது றம்ஸி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கால் இல்லாத ஒரு வெள்ளைக்காரன் கையாலேயே கார் ஓட்டுகிறான், மலைப்பாதையில், பறக்கிற வேகத்தில். என் பிள்ளையின் வலது கை போர்வைக்கு மேலே அவனோடு சேர்ந்து மெல்ல அசைந்துகொண்டிருந்தது. தள்ளுகிறான், இழுக்கிறான். அவன் வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் போனை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த ஒரு வருசத்தில் அவன் எதற்காவது ஆசைப்பட்டு நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

கார் ஓடர் பண்ணியதிலிருந்து அவன் இன்னும் மோசமானான். ஹாஜியார் தினமும் அறைக்குள் வந்து, "கார் வரட்டும், எழும்பி நீயே ஓட்டுவா" என்று சொல்லச் சொல்ல, பிள்ளை தனக்குள்ளேயே உள்ளே உள்ளே போனான். உடற்பயிற்சி செய்விக்க வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினான். சக்கர நாற்காலியைக் கண்ணில் காட்டாதே என்றான். சோற்றைக் குழைத்து வாயருகே கொண்டு போனால் உதட்டை இறுக்கிக்கொண்டான். முதுகில் படுக்கைப் புண் வந்தது. மருந்தை நான்தான் பூசினேன்.

காரின் ஆசனத்துக்குத் தெரிவு செய்ய, கொழும்பிலிருந்து தோல் மாதிரித் துண்டுகள் ஒரு பெட்டியில் வந்தன. ஹாஜியார் அவற்றை அவன் போர்வைமேல் வரிசையாகப் பரப்பிவிட்டுத் தொழப் போனார். பழுப்பு, கறுப்பு, சிவப்பு. றம்ஸி ஒன்றையும் தொடவில்லை.

"உம்மா" என்றான். அவனாகக் கூப்பிட்டு எவ்வளவோ நாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கார் வந்தா, நான் செத்ததும் அதுல என்ட மையத்தக் கொண்டு போகச் சொல்லுங்க."

அவன் வாயைப் பொத்தினேன். "அப்பிடிச் சொல்லாத மகன், மலக்குமார் ஆமீன் சொல்லிருவாங்க."

என் கையை விலக்கினான். அந்தக் கையில் இன்னும் பலம் இருந்தது. "சொல்லட்டும்" என்றான்.

அன்றிலிருந்து அவன் அறையில் கத்தி, மாத்திரை, கயிறு எதையும் நான் வைக்கவில்லை. கண்ணயரவும் பயந்தேன். இந்தப் பிள்ளை செத்துப்போகத் தீர்மானித்துவிட்டான், அவனைத் தடுக்க என்னிடம் இருப்பதெல்லாம் ஒரு கைப்பிடி, அதையும் இவர் போட விடமாட்டார் என்று சமையலறையில் நின்று அழுதேன். அழுது முடித்துவிட்டுக் கோபப்பட்டேன். கோபம்தான் என்னை நிற்கவைத்தது.

ஓடரைப் பூட்டுகிற நாள் வந்தது. பின்னேரம் நான்கு மணியோடு முடிந்துவிடும் என்று கஜீபன் ஹாஜியாருக்குச் சொல்லியிருந்தான். அவர் மத்தியானம் லுஹர் தொழப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து நான் கஜீபனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அந்தக் கைப்பிடியப் போடுங்க."

"போடலாம் மேடம். சேரும் ஒரு வார்த்தை சொல்லணும், ஓடர் அவர் பேர்லதானே. மற்றது, என்ன காரணம்னு அங்க கேப்பாங்க. ஓட்டப் போறவருக்குக் கால்ல எந்தளவு ஏலாதுன்னு சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரிச் செய்வாங்க. மகனுக்கு என்ன மேடம்?"

வாயைத் திறந்தேன். அவருடைய பயத்தை அத்தனை நாளும் திட்டித் தீர்த்தவள் நான். கண் இருக்கிறது என்று பெரிதாகப் பேசியவள். 'என் மகன் இனி நடக்க மாட்டான்.' சின்ன வசனம் அது. அது என் தொண்டையை விட்டு மேலே வரவில்லை. தலைக்கு மேலே யாரோ காத்து நிற்பது போலிருந்தது. கஜீபன் "ஹலோ, ஹலோ" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஹாஜியார் பள்ளியிலிருந்து வந்து நேரே றம்ஸியின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தோல் துண்டொன்றை எடுத்து, "சிவப்பு நல்லம், என்ன மகன்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் போலச் சத்தத்தைக் கூட்டிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சேர், மேடம் இப்ப எடுத்தாங்க, லைன் கட்டாகிட்டுது. பெடல் விசயமாப் பேசினாங்க. நாலு மணிக்குப் பூட்டிருவாங்க சேர். மகன் கூடவே நேரடியாப் பேசலாமா?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு போனிடம் சொன்னார். "அவன் இங்க இல்ல தம்பி. நாந்தான் சொன்னேனே. லண்டன்ல—"

"நான் இங்கதான் இரிக்கேன், வாப்பா."

கட்டிலிலிருந்து வந்தது அந்தக் குரல். கோபமாகக்கூட இல்லை. இருட்டறையில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டால் ஒருவன் பதில் சொல்வானே, அப்படி.

ஹாஜியார் மகனைப் பார்த்தார். எனக்குத் தெரிய, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் அவனை முழுதாகப் பார்த்தார். எலும்பு தெரிகிற தோளை, ஒட்டிய கன்னத்தை, போர்வைக்குள் இரண்டு குச்சி போல் நீண்டு கிடந்த காலை.  போனை வாயருகே கொண்டு போனார், கீழே இறக்கினார், திரும்பவும் கொண்டு போனார்.

"தம்பி" என்றார். "நான் ஒங்களுக்குப் பொய் சொன்னேன். என்ட மகன் வீட்டுலதான் இரிக்கான். அவனுக்கு ரெண்டு காலும் வழங்காது." மூச்சை இழுத்துக்கொண்டார். "இனி நடக்க மாட்டான். கையால ஓட்டுற மாதிரிச் செய்யச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மேலேயிருந்து வந்து விழப்போகிற எதற்கோ இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"ஆமீன்" என்றான் றம்ஸி.

ஹாஜியார் அப்படியே கட்டிலடியில் சரிந்தார். போன் தரையில் கிடந்து "சேர், சேர்" என்றது. போர்வையோடு சேர்த்து மகனின் இரண்டு பாதத்தையும் கட்டிப்பிடித்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார், ஆனால் சத்தம் வெளியே வரவில்லை. முப்பது வருசக் குடித்தனத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. போர்வை நனைந்தது.

றம்ஸி தலையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. படுத்திருந்த இடத்திலிருந்து அவனுக்குக் கட்டிலின் அடிப்பக்கம் தெரியாது.

"உம்மா, வாப்பா எங்க?"

"ஒன்ட காலப் பிடிச்சிட்டு இரிக்காங்க."

"அழுறாங்களா?"

"ஓ, அழுறாங்க."

 அவன் கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் இறங்கியது.

"கால்ல பிடிச்சா எனக்குத் தெரியல்ல உம்மா" என்றான். பரப்பிக் கிடந்த தோல் துண்டுகளைப் புறங்கையால் தள்ளிவிட்டு, வலது கையைப் போர்வைக்கு மேலே நீட்டினான். "கையப் பிடிக்கச் சொல்லுங்க."